அமாவாசைக்கு மறுநாள் இருமல்

மண்டபத்தில் ஆடி மாதக் காற்று எத்தன்மையது என்பதை அவ்வூரார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இவ்விரண்டுக்கும் நடுவே நாக்கைப்போல் நீண்டு கிடக்கும் அந்நிலத்தின்மீது தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தடையின்றிப் பாய்கின்றது. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள். சென்ற ஆடியில் அங்கு நடைபெற்ற அங்கத்தினர் கல்வி முகாமில் அம்மி பறக்கவில்லை. நமது வருகைப் பதிவேட்டின் மூன்று ஏடுகள்தாம் பறந்தன. அவற்றுள் இரண்டை ஒரு தென்னையடியிலிருந்து மீட்டோம்.

மூன்று நாளும் மணலைப்பற்றிய புகாரே பெரிதாக இருந்தது. சோற்றில் மணல், பாயில் மணல், கணக்கு வகுப்பில் திறந்து வைத்த புத்தகத்தில் மணல். உச்சிப்புளிப் பக்கத்து விவசாய அன்பர் ஒருவர், "இந்தப் புழுதியை நாள்தோறும் விழுங்குகின்ற மண்டபத்துக்காரர்களுக்கு நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?" என்று வருந்தினார். அப்போது பந்தியின் கோடியில் அமர்ந்திருந்த எமனேசுவரத்து நெசவாளப் பெரியவர் ஒருவர் சொன்ன சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

"எனக்கு இங்கே வந்த மூன்று நாளாக இருமலே இல்லை, ஐயா. வீட்டுக்குப் போய்த் தறியில் உட்கார்ந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்."

கடற்காற்று அவருக்கு ஒத்துக்கொள்கிறது போலும் என்று நாம் நினைத்தோம். அருகிலிருந்த இளைஞரான நெசவாளர் சிரித்துக்கொண்டே, "அமாவாசைக்கு மறுநாள் இருமாத நெசவாளி எங்கள் தெருவில் யார் இருக்கிறார்கள்?" என்றார். நெசவூர்கள் பலவற்றில் அமாவாசையன்று தறி ஓடுவதில்லை என்பதை அங்கத்தினர்கள் அறிவர். அன்று ஓய்ந்திருந்த நெஞ்சு மறுநாள் தறியேறியதும் இறுகுகின்றது, மாலைக்குள் இருமல் தொடங்குகின்றது, இரண்டொரு நாளில் பழகிவிடுகின்றது என்று அவர்கள் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டனர். பல்வலியைப்பற்றிப் பேசுவதுபோல அவ்வளவு இயல்பாகப் பேசினர். ஒருவரும் அதை வியாதி என்று சொல்லவில்லை.

அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. அப்பெரியவருடைய சங்கத்தை ஆய்வு செய்பவர்கள் நாமே. அவர் முன்பு மாதத்துக்கு எட்டுப் புடவை நெய்து கொடுத்தவர், பின்னர் ஐந்தாகக் குறைந்தவர். கடன் தவணை இருமுறை தவறியது. இரண்டாண்டுகளுக்கு முன் அவருடைய பெயருக்கு நேரே, "ஊக்கம் குறைந்தவர். கண்காணிக்கத் தக்கவர்" என்று எழுதியதும் நமது கையேதான். மூச்சு முட்டுகின்ற ஒரு மனிதனை நாம் சோம்பேறி என்று பதிவு செய்திருக்கிறோம் என்ற ஐயம் எழுந்தபின் இதைப்பற்றி விசாரிக்காமல் இருக்க இயலவில்லை. படித்தும், மருத்துவர்களைக் கேட்டும், வீடு வீடாகச் சென்று பார்த்தும் அறிந்தவற்றை அங்கத்தினர்முன் வைக்கின்றோம்.

முதலில் அந்த மண்டபத்து மணலை விடுவித்துவிடலாம். அது கண்ணை உறுத்தும், பல்லில் நறநறக்கும். ஆயினும் நெஞ்சின் ஆழத்துக்கு அது போவதில்லை. தூசியின் தீமை அதன் அளவைப் பொறுத்தது. நம் முன்னோர் நீட்டலளவை வாய்பாட்டில் எட்டு அணு ஒரு தேர்த்துகள், எட்டுத் தேர்த்துகள் ஒரு பஞ்சிழை, எட்டுப் பஞ்சிழை ஒரு மயிர், எட்டு மயிர் ஒரு நுண்மணல் என்று சொல்லி வைத்தனர். திண்ணைப் பள்ளியில் படித்த முதியோர்க்கு இது நினைவிருக்கும். இன்றைய கணக்கில் மனிதனின் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான் பருமன் கொண்டது. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர். அந்த மயிரை எட்டால் வகுத்தால் ஒன்பது மைக்ரான், மீண்டும் எட்டால் வகுத்தால் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல். வாய்பாட்டின் மேற்படிகளில் இக்கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கீழ்ப்படிகள் நம் காரியத்துக்கு வியக்கத்தக்க வகையில் உதவுகின்றன. இன்று விஞ்ஞானிகள் சுவாசத்துக்கு ஆகாதென்று அளந்து பார்க்கும் தூசிகள் இரண்டு. ஒன்று பத்து மைக்ரானும் அதற்குட்பட்டதும், மற்றொன்று இரண்டரை மைக்ரானும் அதற்குட்பட்டதும் ஆகும். பஞ்சிழையளவும் தேர்த்துகளளவும் என்று நாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நுண்மணல் அளவுள்ளது மூக்கு மயிரிலும் தொண்டைச் சளியிலும் சிக்கித் தும்மலாகவும் காறலாகவும் வெளியேறிவிடும். பஞ்சிழையளவுக்குக் குறைந்தது மூச்சுக்குழலுக்குள் இறங்கும். தேர்த்துகள் அளவானது குழல்கள் கிளைத்துக் கிளைத்து முடிகின்ற காற்றறைகள் வரையில் செல்லும். அக்காற்றறைகள் முப்பது கோடிக்கும் மேற்பட்டவை. அவற்றின் மெல்லிய சுவருக்கு அப்பால் இரத்தம் ஓடுகின்றது. மனிதன் நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் காற்றை இழுத்து விடுகின்றான். ஆகவே, ஒரு மூச்சில் நுழைவது அற்பமேயானாலும் முப்பதாண்டுத் தறிவாழ்வில் சேர்வது அற்பமன்று. காற்றறை வரை சென்ற துகள் நுரையீரலை மட்டுமன்றி இரத்தக் குழாய்களையும் இருதயத்தையும் பாதிக்கின்றது என்பது இன்று உறுதியாகியுள்ள செய்தி.

இன்னொன்று, அது தரைக்கு இறங்க எடுத்துக்கொள்ளும் காலம். அசைவற்ற காற்றில் நம் மூக்குயரமான ஐந்தடியிலிருந்து விழுகின்ற மணற்பொடி ஆறேழு வினாடியில் தரையைத் தொடும். பத்து மைக்ரான் துகளுக்கு எட்டு நிமிஷம் ஆகும். ஒரு மைக்ரான் துகளுக்கோ ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். காலையில் துடைப்பத்தால் பெருக்கியபோது எழுந்த நுண்தூசியில் ஒரு பகுதி இரவு விளக்கேற்றும் வரையில் அறையிலேயே மிதந்துகொண்டிருக்கின்றது என்பது இதன் பொருள். வாசலில் வீசுகின்ற காற்று அதைக் கொண்டுபோய்விடும். மூடிய அறையில் அதைக் கொண்டுபோக யாருமில்லை. பெரியவருக்கு மண்டபத்தில் இருமல் நின்றது ஏன் என்பது இப்போது விளங்கும். மணல் பறந்தாலும் அங்கே காற்று ஓடிற்று. அதைவிட முக்கியம், அங்கே தறி இல்லை.

பஞ்சுத் தூசியின் குணம் புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டில் தொழில் வியாதிகளைப்பற்றி எழுதிய நூலில், சணலும் நார்ச்செடியும் சிக்கெடுப்போர் தூசியால் இடைவிடாது இருமுவதைக் குறித்திருக்கிறார். நூற்பாலைகள் பெருகிய இங்கிலாந்தின் லங்காஷயரில் தொழிலாளர்க்கு வார ஓய்வுக்குப் பிறகு திங்கட்கிழமையன்று மார்பு இறுகும் வழக்கம் இருந்தது. அதற்குத் திங்கட்கிழமைச் சுரம் என்றும் பெயர். 1950-களில் ஷில்லிங் என்னும் மருத்துவர் அதைப் படிப்படியாக வகுத்து ஆராய்ந்தார். முதற்படியில் திங்கள் மட்டும் இறுகும். அடுத்து வாரத்தின் பிற நாட்களுக்கும் பரவும். கடைசியில் ஓய்விலும் விடாத நிரந்தர மூச்சுத்திணறலாகும். பிஸினோஸிஸ் என்பது இந்நோயின் பெயர். பஞ்சின் வெண்மையான இழையைவிட, அதனோடு வரும் இலைத்துணுக்கு, காய்த்தோல் ஆகியவற்றின்மேல் வளரும் நுண்கிருமிகளின் நஞ்சே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்று பின்னர் அறிந்தனர்.

நம் நாட்டில் இந்நோய் உண்டா என்று ஐயுற்ற காலமும் இருந்தது. ஆமதாபாத் ஆலைகளில் நடத்தி 1989-இல் வெளியிட்ட ஆய்வில், பஞ்சைத் தூற்றிப் பிரிக்கும் பகுதியில் வேலை செய்தோரில் 100-க்குச் சுமார் 30 பேரும், சிக்கெடுக்கும் பகுதியில் 38 பேரும் இந்நோய்க்குறி கொண்டிருந்தனர். ஐக்கிய அமெரிக்காவில் 1978-இல் பஞ்சுத் தூசிக்கு வரம்பு கட்டினர். ஒரு கன மீட்டர் காற்றில் நூற்பிடத்தில் 200 மைக்ரோகிராம், கஞ்சியிடுமிடத்திலும் நெசவிடத்திலும் 750 என்று விதித்தனர். நெசவுக்கு வரம்பு தளர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். நூலாகி வந்தபின் பஞ்சின் அழுக்குப் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றது. நெசவிடத்துத் தூசியில் கஞ்சிப் பசையின் பொடியே மிகுதி. எனவே, நூற்பாலைத் தொழிலாளிக்கு உள்ள ஆபத்து அதே அளவில் கைத்தறியாளர்க்கு உண்டு என்று சொல்வது பொய்யாகும். அங்கத்தினரை அச்சுறுத்துவது நமது நோக்கமன்று.

ஆனால் கஞ்சிப் பசையும் வெறும் அப்பாவியன்று. இதற்கு ஒரு சான்று நமக்கு மிகவும் பழக்கமான பொருளிலிருந்தே கிடைக்கின்றது. பிரிட்டனில் ஒரு நெசவாலையில் நெசவாளர் பலருக்கு ஒருமிக்க இருமலும் மூச்சிறுக்கமும் கண்டன. காரணத்தைத் தேடிப் போனவர்கள் பாவுக்குப் பசையாகச் சேர்த்த புளியங்கொட்டை மாவில் வந்து நின்றனர். இச்செய்தி 1957-இல் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. நம் வீட்டுப் புளியமரத்துக் கொட்டை கடல் கடந்து போய் வெள்ளைக்கார நெசவாளியை இருமவைத்த கதையைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. ஏனெனில் பூசணம் பிடித்த மாவைச் சலிக்கும் இடத்தில் குழந்தைகள் விளையாடுவதை நாம் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கிறோம்.

ஆவணி பிறந்ததும் பெரியவருடைய வீட்டுக்குச் சென்றோம். முன்பும் பலமுறை போயிருக்கின்றோம், திண்ணைவரையில். இம்முறை உள்ளே போனோம்.

நீளமான ஒரே அறை. ஒரு பக்கம் குழித்தறி. மறுபக்கம் விறகடுப்பு. இடையில் அவருடைய மனைவியார் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். சன்னல் ஒன்றே, அதுவும் சாத்தியிருந்தது. திறந்தால் காற்றில் இழை அறுகிறது என்றும் பாவின் ஈரம் காய்ந்துவிடுகிறது என்றும் காரணம் சொன்னார்கள். காரணம் மெய்யானதே. கூரையில் பதித்திருந்த ஒரு கண்ணாடி ஓட்டின் வழியே வெயில் கம்பிபோல் இறங்கிற்று. நாடா ஓடும்போதெல்லாம் அந்த வெயிற்கம்பிக்குள் வெள்ளைப் பொடி சுழன்றது. பலகை அடிக்கும்போது ஓர் அலை எழும். ராட்டை நின்றால் கொஞ்சம் தணியும். அவ்வெளிச்சத்துக்கு வெளியே அறை முழுதும் தெளிவாகத்தான் தோன்றிற்று. தூசி வெயிற்கம்பியில் மட்டும் இருக்கவில்லை. அங்கே மட்டும் நம் கண்ணுக்கு அகப்பட்டது.

அடுப்பைப்பற்றிக் கேட்டோம். மூலையில் எரிவாயு உருளை இருந்தது. அதன்மேல் மடித்த துணிகள் அடுக்கியிருந்தன. "விருந்தாளி வந்தால் பற்றவைப்போம், ஐயா. கருவேல் விறகு சும்மா கிடைக்கிறதே" என்றார் அந்த அம்மாள். விறகுப் புகையும் தூசிதான். அதுவும் தேர்த்துகளிலும் நுண்ணியது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த அளவின்படி, இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்ட தூசி ஒரு கன மீட்டர் காற்றில் நாளொன்றின் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. நம் நாடு 2009-இல் வகுத்த அளவு 60. விறகெரியும் மூடிய அறையில் அது பல நூறாக ஏறுவது சாதாரணம். நகரத்து நாற்சந்தியில் காற்றை அளக்கக் கருவி வைக்கின்றார்கள். எமனேசுவரத்துத் தறியறையில் யாரும் வைக்கவில்லை. பெரியவரின் இருமலுக்குப் பஞ்சு எவ்வளவு பொறுப்பு, கஞ்சி எவ்வளவு, அடுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் இயலாது. மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நாம் பட்ட பாடு கொஞ்சமன்று. இருமல் என்று போனால் சளியைச் சோதிப்பார்கள், காசம் என்று சொல்லிவிட்டால் வீட்டில் பேத்தியின் சம்பந்தம் நின்றுபோகும் என்பது அவரது அச்சம். இந்த அச்சத்தினால் நெஞ்சு நோயை மறைப்பவர் நம் சங்கங்களில் எத்தனை பேரோ! காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம், சானடோரியத்தில் கிடக்க வேண்டியதில்லை என்பதை உலகுக்கு மெய்ப்பித்ததே நமது சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையந்தான். 1959-இல் அம்முடிவு வெளியாயிற்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிச்சோதனை அவசியம். அரசு மருத்துவமனையில் அது இலவசம். தூசி இருமலைக் காசமென்று எண்ணி ஒளிப்பதும் தவறு, காசத்தைத் தூசி இருமலென்று எண்ணி விட்டுவிடுவதும் தவறு. கல்லுடைக்கும் தொழிலில் எழுகின்ற சிலிகாத் தூசி உள்ளே சேர்ந்தவர்க்குக் காசம் எளிதில் பற்றும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கின்றோம்.

பெரியவருக்குக் காசம் இல்லை. மருத்துவர் அவரை ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊதச் சொன்னார். இழுத்த மூச்சில் முதல் வினாடியில் எவ்வளவு வெளிவருகின்றது என்று அக்கருவி காட்டும். மூச்சுக்குழல் சுருங்கியிருந்தால் முதல் வினாடியின் அளவு குறையும். அவருக்குக் குறைந்திருந்தது. மூச்சோடு இழுக்கின்ற மருந்தைக் கொடுத்துச் சற்று நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னபோது கொஞ்சம் ஏறிற்று, முழுதும் ஏறவில்லை. "ஐந்தாண்டுக்கு முன்னே வந்திருந்தால் இன்னும் ஏறியிருக்கும்" என்று மருத்துவர் நம்மைப் பார்த்துச் சொன்னார். நம்மைப் பார்த்து ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. ஆனாலும் உறைத்தது.

விவசாய அன்பர்கள், "இது நெசவாளர் கதை" என்று ஏட்டைத் திருப்பிவிட வேண்டாம். நமது மாவட்டத்தில் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடாத வட்டாரம் குறைவு. மூட்டம் புகையும் நாட்களைவிட அதைப் பிரித்துக் கரியை வாரிச் சலித்து மூட்டையாக்கும் நாளே நெஞ்சுக்குக் கெட்டது. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குகின்றனர். துண்டு பெரும்பொடியைத் தடுக்கும். நுண்பொடி அதன் கண்களின் வழியே நடந்து போகும். அதற்கென்றுள்ள என்-95 முகமூடி மிக நுண்ணிய துகளிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைத் தடுக்கும். ஆனால் முகத்தோடு ஒட்டியிருந்தால்தான் தடுக்கும். புகையோடு வருகின்ற கரியமில நச்சுக்காற்றை அதுவும் தடுக்காது. ஆகையால் புகையும் மூட்டத்தின் காற்றடிப் பக்கத்தில் நிற்பதோ படுப்பதோ கூடாது.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நமது முண்டு மிளகாயின் பெருமையைப் பேசாத கூட்டமில்லை. வற்றலைக் களத்தில் கிளறி, காம்பு கிள்ளி, தரம் பிரித்து, மூட்டையில் மிதித்து அடைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தக் காரம் நரம்பைச் சீண்டி இருமலை எழுப்புவதனால் அதன் தீமையை உடனே அறிகின்றோம், விலகி நிற்கின்றோம். சீண்டாத தூசியைத்தான் நாம் பொறுத்துக்கொள்கிறோம். ஈரத்தில் கிடந்து பூசணம் பூத்த வற்றலையும் வைக்கோலையும் உதறும்போது எழுகின்ற பொடி அத்தகையது. சில மணி நேரங்கழித்துக் குளிரும் இருமலும் வந்தால் அதைச் சாதாரணச் சுரமென்று விட்டுவிடலாகாது.

மண்டபத்துக் கரையோரத்தில் முன்பு பவளப்பாறையை வெட்டியெடுத்துச் சுண்ணாம்பு சுட்டனர். பவள இனங்கள் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தபின் அதற்கு இடமில்லாமற் போயிற்று. கடலின் நன்மைக்காகச் செய்த காரியம், சூளையில் நின்ற மனிதரின் தொண்டைக்கும் நன்மையாயிற்று. சுட்ட சுண்ணாம்பின் பொடி ஈரம் பட்டால் கொதிக்கும். கண்ணும் தொண்டையும் ஈரமானவையே.

அந்த ஊரின் பழைய கதை ஒன்றும் நினைவுக்கு வருகின்றது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளரை வெள்ளைக்காரர் காலத்தில் மண்டபம் முகாமில் தடுத்து வைத்தே அனுப்பினர். காலராவும் அம்மையும் கடல் தாண்டிவிடக்கூடாதே என்பதுதான் கவலை. தொற்றுகின்ற நோயென்றால் அரசாங்கம் வாசலிலேயே நிற்கும். தொற்றாத நோயை அவரவர் வீட்டோடு விட்டுவிடுவது அன்று தொட்ட வழக்கம். ஆலையில் வேலை செய்வோனுக்குப் பிஸினோஸிஸ் கண்டால் அறிவிக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை கூறிற்று. வீட்டுத் தறிக்குத் தொழிற்சாலை என்ற பெயர் இல்லை. அதற்கு மேற்பார்வையாளர் என்று யாரேனும் உண்டென்றால் அது சங்கமே.

புரட்டாசியில் கூடிய அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவில் நாம் இதைச் சொன்னோம். ஆறு வீடுகளில் காற்றை வெளியே தள்ளும் விசிறி பொருத்தலாம், அதைத் தறிக்குப் பின்புறச் சுவரில் தாழ வைத்தால் பாவின்மேல் காற்று அடிக்காது, இழையும் அறாது என்று ஒரு மின்பணியாளர் காட்டிக்கொடுத்தார். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது? நாளை நீங்களே ஆட்சேபம் எழுதுவீர்களே!" என்றார். நியாயமான கேள்வி. வேறொரு சங்கத்தில் விசிறி வாங்கியதற்கு நாம் ஆட்சேபம் எழுதியிருப்பது அவருக்கும் தெரியும். பொதுநல நிதியிலிருந்து பரீட்சார்த்தமாகச் செய்யலாம், தீர்மானம் தெளிவாக இருக்கட்டும் என்று கூறினோம். மின்கட்டணத்தைப்பற்றி ஒருவர் தயங்கினார். 2023 முதல் கைத்தறியாளர்க்கு இரு மாதத்துக்கு 300 அலகு வரையில் கட்டணமில்லை என்பதை நினைவூட்டினோம். நீண்ட வாதத்துக்குப் பின் தீர்மானம் நிறைவேறிற்று. இருவர் ஒப்பவில்லை. அவர்கள் பெயரும் நடவடிக்கைப் புத்தகத்தில் இருக்கின்றது.

செலவில்லாத காரியங்களே அதிகம். தார் சுற்றுவதைத் திண்ணைக்கு மாற்றி, காற்று முதுகுப்புறமிருந்து வரும்படி அமர்வது. துடைப்பத்தை வைத்துவிட்டு ஈரத்துணியால் தரையையும் தறியின் சட்டத்தையும் துடைப்பது. மாவைச் சலிப்பது வாசலில், பூசணமேறியதைக் கொட்டிவிடுவது. எரிவாயு உருளையின்மேல் இருக்கின்ற துணிகளை எடுத்துவிடுவது. இந்தக் கடைசி யோசனைக்கே எதிர்ப்பு மிகுதி. உருளையின் விலையைச் சொல்லிக் கேட்ட பெண்மணிகளுக்கு நம்மிடம் பதில் இல்லை. அடுப்பையாவது பின்கட்டுக்கு மாற்றலாம் என்றோம். பின்கட்டு இருப்பவர்கள் மாற்றினார்கள்.

சங்கத்தில் புதிய பதிவேடு ஒன்றும் திறந்திருக்கின்றோம். பதிவேடு திறப்பதைத் தவிர எங்களுக்கு வேறென்ன தெரியும் என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். அதிலுள்ள பத்திகள் நான்கே. இருமல் உண்டா, எத்தனை வாரமாக, ஊரைவிட்டுப் போனால் நிற்கிறதா, அமாவாசைக்கு மறுநாள் மிகுகிறதா. நூல் வாங்க வருகின்ற நாளில் எழுத்தர் கேட்டுக் குறித்துக்கொள்வார். மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்கு "ஆம்" என்பவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தொழிலால் வருகின்ற மூச்சுநோயை அறிய மருத்துவர்களும் முதலில் கேட்பது இதையே.

விசிறி பொருத்தி மூன்று மாதமாகின்றது. நான்கு வீடுகளில் இருமல் குறைந்திருப்பதாகச் சொல்கின்றனர். ஒரு வீட்டில் வேறுபாடில்லை. இன்னொரு வீட்டில், சத்தம் பொறுக்கவில்லை என்று விசிறியின் வாயைச் சாக்கால் அடைத்துவிட்டனர். ஆறு வீட்டை வைத்துக்கொண்டு முடிவு கட்ட நாம் துணியவில்லை. பெரியவர் மருந்தை இழுத்துக்கொண்டு இப்போது மாதம் ஆறு புடவை நெய்கின்றார். எட்டு ஆகாது என்று அவரே சொல்கின்றார். அவர் பெயருக்கு நேரே இருந்த நமது குறிப்பை அடித்துக் கையெழுத்திட்டுத் தேதியும் போட்டோம்.

சென்ற வாரம் அவ்வீட்டுக்குப் போனபோது அந்த அம்மாள் திண்ணையில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளாகச் சுற்றுகின்றவர். அடுப்பும் அவருடையதே. நம்மைக் கண்டதும் ராட்டையை நிறுத்திவிட்டு, "அந்தக் குழாயை நானும் ஊதிப் பார்க்க வேண்டுமா, ஐயா?" என்று கேட்டார். புதிய பதிவேட்டைப் புரட்டினோம். அதில் அவர் பெயர் இல்லை. அங்கத்தினர் பட்டியலைப் பார்த்தே எழுத்தர் பெயர் எழுதியிருந்தார். தார் சுற்றுகின்ற பெண்களில் ஒருவரும் அங்கத்தினர் அல்லர். பொதுநல நிதியும் அங்கத்தினர்க்கே.

இதற்குள் அவர் ஒருமுறை இருமினார்.

அந்த அம்மாளையும், அத்தெருவில் தார் சுற்றுகின்ற மற்றப் பதினான்கு பெண்களையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்வதற்கான விண்ணப்பங்கள் வருகிற நிர்வாகக் குழுக் கூட்டத்தின் ஆறாவது பொருளாக வைக்கப்பட்டிருக்கின்றன. அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல அதுவரை காத்திருக்கவில்லை. வரும் வியாழக்கிழமை காலை வண்டிக்குப் பெரியவரே அழைத்துப் போகின்றார்.